கம்ப்யூட்டர் இல்லாத இன்ஜின்தான் நல்லதா? பழைய, புதிய டீசல் பிக்கப் - ஓர் ஒப்பீடு

"மாப்ளே, கம்ப்யூட்டரே இல்லாத வண்டி ஒண்ணு வேணும். நீதான் பார்த்துச் சொல்லணும்."

சென்ற வருடம் மார்ச் மாதம் என் மாமாவிடமிருந்து வந்த போன் இது. மாமா அமெரிக்காவில், இந்தியானா மாநிலத்தில் கொலம்பஸ் என்ற ஊருக்கு அருகில் இருக்கிறார். வீடுகளுக்குப் புல்வெளி, பூச்செடி, மரக்கன்று வைத்துத் தோட்டம் அமைத்துக் கொடுப்பது அவர் தொழில். மண்ணும் செடியும் ஏற்றிய டிரெய்லரை இழுக்க ஒரு டீசல் பிக்கப் வண்டி கட்டாயம் வேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்று மாதம்தான் சீசன். அந்த மூன்று மாத வருமானத்தில்தான் ஒரு வருடக் குடும்பம் ஓட வேண்டும்.

அதற்கு முந்தைய சீசனில் அவருடைய வண்டி காலை வாரிவிட்டது. பாதி வழியில் இன்ஜின் சக்தி குறைந்து, வண்டி ஆமை வேகத்தில் ஊர்ந்தது. ஒர்க் ஷாப்பில் நான்கு நாட்கள் நின்றது. ஒரு பெரிய வேலை கைநழுவிப் போனது. "இன்ஜின் நல்லாத்தான் இருக்கு, கம்ப்யூட்டர்தான் நிறுத்திடுச்சு" என்று மெக்கானிக் சொன்ன ஒரே வார்த்தையில் மாமாவுக்குக் கம்ப்யூட்டர் என்றாலே வெறுப்பு வந்துவிட்டது.

நான் இன்ஜினியரிங்கில் படித்தது மெக்கானிக்கல். இப்போது பார்ப்பது சாப்ட்வேர் வேலை. எனவே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்பது மாமாவின் எண்ணம். அவர் முன்னே இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று 1997 மாடல், இரண்டு லட்சம் மைல் ஓடியது. மற்றொன்று 2014 மாடல், ஒரு லட்சத்து நாற்பதாயிரம் மைல் ஓடியது. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலை! பதினேழு வருடம் பழைய வண்டிக்கு ஏன் அதே விலை? இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.

இதைக் கம்ப்யூட்டர் இதழில் ஏன் எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எல்லோரும் மாமா கேட்ட இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்கிறார்கள். "பழைய சிஸ்டம் பத்து வருடம் உழைத்ததே, புதியது ஏன் இத்தனை தொந்தரவு தருகிறது?" என்ற கேள்விதான் அது.

பழைய இன்ஜின் எப்படி வேலை செய்கிறது?

டீசல் இன்ஜினின் அடிப்படை மிக எளிது. பிஸ்டன் காற்றை அழுத்துகிறது. அழுத்தப்பட்ட காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. சரியான நேரத்தில் அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. பெட்ரோல் இன்ஜின் போல ஸ்பார்க் பிளக் தேவையில்லை. ஆக எந்த நேரத்தில், எவ்வளவு டீசல் பீய்ச்ச வேண்டும் என்பதே டீசல் இன்ஜினின் முக்கியமான முடிவு. இந்த முடிவை யார் எடுக்கிறார்கள் என்பதில்தான் பழையதற்கும் புதியதற்கும் வித்தியாசம்.

அமெரிக்க டாட்ஜ் பிக்கப் வண்டிகளில் 1989 மாடல் முதல் வந்த கம்மின்ஸ் 5.9 லிட்டர் இன்ஜினை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்கள். சிலிண்டருக்கு இரண்டு வீதம் பன்னிரண்டு வால்வுகள். வார்ப்பிரும்பினால் ஆன உடம்பு. கேம் ஷாப்டைச் சுற்றுவதற்கு பெல்ட், செயின் எதுவும் இல்லை, பல்சக்கரம்தான். 1994 முதல் 1998 வரை வந்த மாடல்களில் பாஷ் கம்பெனியின் பி7100 என்ற பம்ப் இருந்தது. சிலிண்டருக்கு ஒன்று வீதம் ஆறு சிறு பிளஞ்சர்கள். ஆக்சிலரேட்டரை மிதித்தால் பம்புக்குள் ஒரு கம்பி நகரும். பிளஞ்சர்கள் சற்றே திரும்பி அதிக டீசலைத் தள்ளும். இன்ஜின் வேகம் எல்லை மீறினால், சுழலும் எடைகள் வெளிப்புறம் விரிந்து டீசலைக் குறைத்துவிடும். அவ்வளவுதான். சிப் கிடையாது, புரோகிராம் கிடையாது. கணக்குப் போடும் வேலையை இரும்பே செய்தது.

இந்த பம்புக்கு இன்னொரு நல்ல குணம் உண்டு. இதன் உள்பாகங்களுக்கு இன்ஜின் ஆயில் போய்ச் சேரும். எனவே டீசலின் தரம் கொஞ்சம் குறைந்தாலும் பம்ப் தாங்கிக்கொள்ளும். ஓடும் இன்ஜினை நிறுத்த ஒரு மின்காந்த சோலனாய்டு உண்டு. ஓடுவதற்கு வேண்டிய மின்சாரம் ஏறக்குறைய அது ஒன்றுக்குத்தான்.

இந்த இன்ஜினின் சத்தத்தை நீங்களும் கேட்டிருக்கலாம். டாடா நிறுவனமும் கம்மின்ஸும் 1993ல் தொடங்கிய டாடா கம்மின்ஸ் கம்பெனி, ஜாம்ஷெட்பூரில் இதே 5.9 லிட்டர் குடும்பத்து இன்ஜின்களைத்தான் தயாரித்தது. நம் நெடுஞ்சாலைகளில் ஓடிய பல டாடா லாரிகளில் இருந்தது இதுதான். அங்கே பிக்கப், இங்கே லாரி. லாரிக்கென வடிவமைத்த இன்ஜினைப் பிக்கப் வண்டியில் வைத்தால் அதற்கு அது எப்போதும் இலகுவான வேலைதான். நீண்ட ஆயுளுக்கு இதுவும் ஒரு காரணம்.

புதிய இன்ஜினில் யார் முடிவெடுக்கிறார்?

புதிய இன்ஜினில் முடிவெடுப்பது ஈ.சி.எம். எனப்படும் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர். உங்கள் மேஜை மேல் இருக்கும் சிஸ்டத்தில் உள்ளது போலவே இதிலும் ப்ராசசர், மெமரி, புரோகிராம் எல்லாம் உண்டு. மானிட்டரும் கீபோர்டும்தான் இல்லை. அவற்றின் இடத்தில் சென்சார்கள் தகவல் தருகின்றன. இன்ஜெக்டர்கள் கட்டளையை நிறைவேற்றுகின்றன.

காமன் ரெயில் எனப்படும் இந்த முறையில் பம்பின் வேலை அழுத்தத்தை உருவாக்குவது மட்டுமே. ஒரு பொதுக் குழாயில் டீசல் கடும் அழுத்தத்தில் காத்திருக்கும். எந்த இன்ஜெக்டர் எப்போது, எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பதை ஈ.சி.எம். சொல்லும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது ஆறு சிலிண்டர்களிலும் சேர்த்து நொடிக்கு 100 முறை எரிபொருள் எரிகிறது. ஒவ்வொரு முறையும் டீசலை மூன்று நான்கு சிறு பகுதிகளாகப் பிரித்துத் தெளிப்பார்கள். ஆக நொடிக்கு 300, 400 கட்டளைகள்! புதிய டீசல் வண்டிகள் பழையவை போல் 'கட கட' என்று அதிராததற்கு இந்தப் பிரித்துத் தெளித்தல்தான் காரணம்.

இதன் பலன் சாதாரணமானதல்ல. 1989ல் அந்த 5.9 லிட்டர் இன்ஜின் தந்தது 160 குதிரைத்திறன், 542 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அதே வம்சத்தில் வந்த 6.7 லிட்டர் இன்ஜின் 2025 மாடலில் தருவது 430 குதிரைத்திறன், சுமார் 1,458 நியூட்டன் மீட்டர். கொள்ளளவு சுமார் ஏழில் ஒரு பங்கு மட்டுமே கூடியிருக்கிறது. இழுவையோ இரண்டரை மடங்குக்கு மேல்.

புகையும் குறைந்திருக்கிறது. அமெரிக்காவில் கனரக டீசல் இன்ஜின்களுக்கான நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு 1998ல் 4.0 கிராம். 2010ல் அது 0.20 கிராம். அதாவது இருபதில் ஒரு பங்கு. இந்த அளவைத் தொட இரும்புப் பம்பால் முடியாது. அதற்காகத்தான் கம்ப்யூட்டர் உள்ளே வந்தது. "எதற்கு இந்தக் கம்ப்யூட்டர்?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

கோளாறு எங்கே வந்தது?

உண்மையில் பெரும்பாலான கெட்ட பெயர் வந்தது பழைய இன்ஜினிலும் அல்ல, முதிர்ந்த புதிய இன்ஜினிலும் அல்ல. ஒரு முறையிலிருந்து அடுத்த முறைக்குத் தாவிய இடைக்காலத்தில்தான். சில உதாரணங்களைப் பார்ப்போம்.

* கம்மின்ஸ், 1998 நடுவிலிருந்து 2002 வரை: 24 வால்வு இன்ஜின் வந்தது. கூடவே விபி44 என்ற எலக்ட்ரானிக் பம்ப் வந்தது. இந்தப் பம்பைக் குளிர்விப்பதும் மசகிடுவதும் டீசல்தான். டேங்கிலிருந்து டீசலை அனுப்பும் சிறிய பம்ப் பலவீனமானால், பெரிய பம்ப் பட்டினி கிடந்து கெட்டுவிடும். சிறியது கெட்டதே பல பேருக்குத் தெரியாது. ஏனென்றால் அந்த அழுத்தத்தைக் காட்டும் மீட்டர் வண்டியில் இல்லை.

* போர்டு 6.0 லிட்டர், 2003 முதல் 2007 வரை: புகைக் கட்டுப்பாட்டுக்காக ஈ.ஜி.ஆர். கூலர் சேர்த்தார்கள். ஆயில் கூலரின் குறுகிய வழிகள் அழுக்கால் அடைபட்டால் ஈ.ஜி.ஆர். கூலருக்குப் போதிய கூலன்ட் போகாது. அது விரிசல் விடும். அழுத்தம் ஏறி ஹெட் காஸ்கெட் போகும். ஒரு சிறு அடைப்பு, சங்கிலித் தொடராக இன்ஜினையே பிரிக்க வைத்தது. இதே வண்டியில் இன்ஜெக்டர்களை இயக்க 12 வோல்ட்டை 48 வோல்ட்டாக உயர்த்தும் ஒரு எலக்ட்ரானிக் பெட்டி உண்டு. பேட்டரி பலவீனமானால் இந்தப் பெட்டி எரிந்துவிடும். நம் ஊரில் வோல்டேஜ் ஏறி இறங்கி எஸ்.எம்.பி.எஸ். போவது போலத்தான்.

* ஜெனரல் மோட்டார்ஸ் டியூராமாக்ஸ், 2001 முதல் 2004 வரை: காமன் ரெயில் முறையை அமெரிக்கப் பிக்கப்புக்கு முதலில் கொண்டு வந்த இன்ஜின் இது. இன்ஜின் நல்ல இன்ஜின். ஆனால் இன்ஜெக்டர்கள் கெட்டன. அவை வால்வு மூடிக்கு அடியில் இருந்ததால் மாற்றுவதும் பெரிய வேலை. கம்பெனி அவற்றுக்கு மட்டும் வாரண்டியை 7 வருடம் அல்லது 2 லட்சம் மைல் என நீட்டிக்க வேண்டி வந்தது.

* சிபி4 பம்ப்: 2011க்குப் பிறகு பல பிக்கப்களில் வந்தது. இதன் உள்ளே கேம் மீது உருளும் ஒரு சிறு பாகம் திசை மாறித் திரும்பினால் உலோகம் உரசும். உலோகத் தூள் டீசலுடன் கலந்து ரெயில், இன்ஜெக்டர் என எல்லா இடத்துக்கும் போகும். ரிப்பேர் செலவு பத்தாயிரம் டாலரைத் தொடுவது உண்டு. ராம் வண்டிகளில் 2019ல் இந்தப் பம்ப் வந்தது. 2021 மாடலில் மறுபடியும் பழைய சிபி3 பம்புக்கே திரும்பினார்கள். 2019, 2020 வண்டிகளைத் திரும்ப அழைத்துப் பம்பை மாற்றிக் கொடுத்தார்கள்.

இந்தப் பட்டியலைக் கவனித்தால் ஒன்று புரியும். இவற்றில் எதிலும் ஈ.சி.எம். எனும் கம்ப்யூட்டரோ அதன் சாப்ட்வேரோ முதல் குற்றவாளி அல்ல. பம்ப், கூலர், இன்ஜெக்டர், பேட்டரி என்று எல்லாமே கையால் தொடக்கூடிய பொருட்கள். காமன் ரெயில் இன்ஜெக்டருக்குள் நகரும் பாகங்களின் இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. அங்கே ஒரு சொட்டுத் தண்ணீரோ தூசியோ போனால் என்ன ஆகும்? ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து வைத்துவிட்டு ஓடச் சொல்வது போலத்தான்.

பழையது குற்றமற்றதா?

அப்படியும் இல்லை. புகழ்பெற்ற அந்தப் பன்னிரண்டு வால்வு இன்ஜினில் 'கில்லர் டவல் பின்' என்று ஒரு சங்கதி உண்டு. முன்பக்கப் பல்சக்கர உறையைச் சரியான இடத்தில் பொருத்துவதற்கான சிறு இரும்பு ஆணி அது. அதிர்வில் மெல்ல மெல்லக் கழன்று, ஒரு நாள் பல்சக்கரங்களுக்கு நடுவே விழுந்தால் இன்ஜின் காலி. இதற்கு எந்த விளக்கும் எரியாது. இதைத் தடுக்க ஒரு சிறு தகட்டை வைத்து ஆணியை மூடினால் போதும். பொருளின் விலை மிகக் குறைவு. அதைச் செய்யாமல் விட்டால் வரும் செலவோ ஒரு இன்ஜின்.

போர்டின் 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக், 1994 முதல் 2003 வரை வந்தது. மிகவும் நம்பகமானது என்று பெயர் வாங்கிய இன்ஜின். இதில் இன்ஜெக்டர்களைக் கட்டுப்படுத்துவது கம்ப்யூட்டர்தான் என்பது பலருக்குத் தெரியாது. கேம் ஷாப்ட் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஒரே ஒரு சென்சார் கெட்டால் ஓடும் வண்டி அப்படியே நின்றுவிடும். விவரம் தெரிந்தவர்கள் வண்டியில் எப்போதும் ஒரு உதிரி சென்சாரும் 10 எம்.எம். ஸ்பேனரும் வைத்திருப்பார்கள். ஒரு போல்ட்டைக் கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது.

இன்னொரு விஷயத்தையும் மறக்கக்கூடாது. 1990களின் வண்டிகளில் மோசமானவை எல்லாம் எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. இன்று ரோட்டில் நாம் பார்ப்பவை தப்பிப் பிழைத்தவை. அவற்றை மட்டும் பார்த்து, "அந்தக் காலத்து வண்டி எல்லாமே இப்படித்தான் உழைத்தது" என்று சொல்வது, பரணில் இன்றும் ஓடும் ஒரு பழைய ரேடியோவைக் காட்டி அந்தக் காலத்து ரேடியோ எதுவுமே கெடவில்லை என்று சொல்வதைப் போன்றது.

மாமாவின் வண்டி ஏன் நின்றது?

சரி, மாமாவின் கதைக்கு வருவோம். அவருடைய பழைய ஒர்க் ஷாப் பில்லை வாங்கிப் பார்த்தேன். அதில் இருந்த எர்ரர் கோட் பி2463. புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டி.பி.எப். பில்டர் நிறைந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்தப் பில்டர் ஒரு வகையில் நம் ரீசைக்கிள் பின் போல. கரி சேரும். அவ்வப்போது காலி செய்ய வேண்டும். காலி செய்வது எப்படி என்றால், பில்டரைச் சுமார் 600 டிகிரிக்குச் சூடாக்கிக் கரியை எரித்துவிட வேண்டும். நெடுஞ்சாலையில் பாரத்தோடு அரை மணி நேரம் ஓடினால் இது தானாக நடக்கும். ஐந்து மைல் ஓடி நிறுத்தினால் நடக்காது. பாதியில் நின்றுபோகும். மறுபடி மறுபடி இப்படியே ஆனால் கரி நிறையும். கடைசியில் இன்ஜினைக் காப்பாற்ற ஈ.சி.எம். சக்தியைக் குறைத்துவிடும்.

"மாமா, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஏதாவது எரிந்ததா?"

"எரிஞ்சுதுடா. ரெண்டு மூணு வாரமா எரிஞ்சுது. வண்டி ஓடுச்சு, அதனால விட்டுட்டேன்."

திரையில் எர்ரர் மெசேஜ் வந்ததும் படிக்காமலே ஓ.கே. பட்டனைக் கிளிக் செய்துவிட்டு வேலையைத் தொடர்கிறோமே, அதே கதைதான். கம்ப்யூட்டர் வண்டியை நிறுத்தவில்லை. மூன்று வாரமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில்தான் நிறுத்தியது.

ஆனால் மாமா பக்கமும் ஒரு நியாயம் உண்டு. நடுரோட்டில் திடீரெனச் சக்தியைக் குறைப்பது ஓட்டுபவருக்கு ஆபத்து. டி.ஈ.எப். எனப்படும் யூரியா கரைசல் தீர்ந்தாலோ அதன் சென்சார் தவறாகச் சொன்னாலோகூட இப்படி வேகம் குறைக்கப்படும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2025 ஆகஸ்டில், இந்தத் திடீர்க் குறைப்பைத் தளர்த்தும்படி சாப்ட்வேரைத் திருத்தக் கம்பெனிகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆக, விதியே சற்றுக் கடுமையாக இருந்தது என்பதை அதை நடத்தியவர்களே ஏற்றுக்கொண்டார்கள்.

ஒரு வாரக் கணக்கு

வண்டியைப் பார்ப்பதற்கு முன் மாமாவின் வேலையைப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. ஒரு வாரம் முழுக்க எத்தனை முறை வண்டி எடுக்கிறார், ஒவ்வொரு முறையும் எத்தனை மைல், எத்தனை நிமிடம் சும்மா ஓடிக்கொண்டு நிற்கிறது என்று எழுதி வைக்கச் சொன்னேன். அத்தை அதை அழகாக எக்செல் ஷீட்டில் போட்டு அனுப்பினார். மொத்தம் 43 பயணங்கள். சராசரி தூரம் 6 மைல். 20 மைலுக்கு மேல் ஓடியது இரண்டே முறை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பத்து இருபது நிமிடம் இன்ஜின் ஓடியபடி நின்றிருக்கிறது.

இந்த ஷீட்டைப் பார்த்ததும் விடை தெரிந்துவிட்டது. டி.பி.எப். வைத்த வண்டிக்கு இதைவிட மோசமான உபயோகம் கிடையாது. வாசலுக்கு வாசல் நின்று போகும் வேலை இது.

அடுத்த சனிக்கிழமை இரண்டு வண்டிகளையும் நேரில் போய்ப் பார்த்தோம். 2014 மாடலில் முப்பது டாலர் ஓ.பி.டி. ஸ்கேனரை மாட்டி, போனில் டேட்டாவைப் பார்த்தேன். எர்ரர் எதுவும் இல்லை. ரெயில் அழுத்தம் ஈ.சி.எம். கேட்ட அளவிலேயே இருந்தது. சர்வீஸ் பில்கள் முறையாக இருந்தன. நல்ல வண்டி, அதில் சந்தேகமே இல்லை. 1997 மாடலை அதன் சொந்தக்காரரான விவசாயி குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து காட்டினார். உடனே பிடித்தது. ஆயில் மூடியைத் திறந்தபோது பெரிதாகப் புகை தள்ளவில்லை. டவல் பின்னுக்குத் தகடு போட்டதற்கு பில் வைத்திருந்தார். ஆனால் அந்த ஊரில் குளிர்காலத்தில் ரோட்டில் உப்பு போடுவார்கள். கதவின் அடிப்பகுதியும் பிரேக் குழாய்களும் துருப்பிடித்திருந்தன. இன்ஜின் இன்னும் ஒரு லட்சம் மைல் ஓடும். அதைச் சுமக்கும் வண்டி ஓடுமா என்பதுதான் கேள்வி.

"ரெண்டுல எது நம்பகமானது? ஒரே வார்த்தையில சொல்லு" என்றார் மாமா.

"புதுசு. ஆனா உங்க வேலைக்குப் பழசு" என்றேன்.

பிரேக் குழாய்களை மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொண்டு பழையதை வாங்கினார். அவர் எடுத்த முடிவு சரி. சொன்ன காரணம்தான் தவறு. கம்ப்யூட்டர் இல்லை என்பதற்காக அந்த வண்டி நல்லதல்ல. ஆறு மைல் ஓடி நிற்கும் வேலைக்கு அது ஒத்துப்போகிறது. அவ்வளவுதான். வாரம் மூன்று நாள் 200 மைல் டிரெய்லர் இழுப்பவர் யாராவது என்னிடம் கேட்டிருந்தால், யோசிக்காமல் 2014 வண்டியைத்தான் சொல்லியிருப்பேன். அவருக்கு அந்தப் பழைய வண்டி மலையேற்றத்தில் திணறும். டீசலும் கூடப் பிடிக்கும்.

இதில் ஒரு விலையும் உண்டு. பழைய வண்டி அதிகமாகப் புகை விடும். அந்தப் புகையைச் சுவாசிப்பது வண்டிக்குப் பின்னால் வேலை செய்யும் மாமாவும் அவர் ஆட்களும்தான். எனவே வீட்டு வாசலில் இன்ஜினை ஓடவிட்டு நிற்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

டீசல் பிக்கப் வாங்குவோருக்குச் சில குறிப்புகள்

1. முதலில் உங்கள் உபயோகத்தை ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். மைலைவிடப் பயணங்களின் எண்ணிக்கை முக்கியம்.

2. இடைக்கால மாடல்களில் கவனம் தேவை. ஒரு புதிய முறை வந்த முதல் இரண்டு வருட வண்டிகளைத் தவிர்ப்பது நல்லது. புதிய ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கும் இதே விதிதான்.

3. பழைய வண்டி என்றால் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். வண்டிக்கு அடியில் படுத்துத் துருவைப் பாருங்கள்.

4. புதிய வண்டி என்றால் ஸ்கேனர் இல்லாமல் போகாதீர்கள். எர்ரர் இல்லை என்று காட்டினால் மட்டும் போதாது. 'ரெடினஸ்' பகுதியில் சோதனைகள் முடியவில்லை என்று காட்டினால், கோடுகளைச் சமீபத்தில்தான் யாரோ அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள் என்று பொருள்.

5. எர்ரர் கோடை அழிப்பது ரிப்பேர் அல்ல. மெசேஜை மூடினால் வைரஸ் போய்விடுமா?

6. டீசல் பில்டரைக் கம்பெனி சொன்ன மைலுக்கு முன்பே மாற்றுங்கள். தண்ணீர் வடிகட்டும் திருகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள். நூறு டாலர் பில்டர் பத்தாயிரம் டாலர் பம்பைக் காப்பாற்றும்.

7. பேட்டரியில் சிக்கனம் வேண்டாம். எலக்ட்ரானிக் பெட்டிகள் குறைந்த வோல்ட்டேஜைத் தாங்காது.

இந்தக் குறிப்புகளில் சிலவற்றை உங்கள் கம்ப்யூட்டருக்கும் அப்படியே பொருத்திப் பார்க்கலாம். கடிதம் தட்டச்சு செய்யவும் மெயில் பார்க்கவும் மட்டும் சிஸ்டம் வேண்டும் என்றால் கடையில் காட்டும் புத்தம் புதிய மாடல் தேவையில்லை. வீடியோ எடிட்டிங் செய்பவருக்குப் பழைய சிஸ்டம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பயனில்லை. எது நல்ல கம்ப்யூட்டர் என்று கேட்பதற்கு முன், என் வேலை என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். எதை வாங்கினாலும் சரி, அது காட்டும் மெசேஜை ஒரு முறை முழுதாகப் படித்துவிட்டுப் பிறகு ஓ.கே. கொடுங்கள்.

மாமாவின் பழைய வண்டி இந்த சீசனில் ஒரு நாளும் நிற்கவில்லை. அதில் எர்ரர் மெசேஜ் காட்ட எதுவும் இல்லை என்பதால் அவரே தினமும் காலையில் பானட்டைத் திறந்து ஆயில், கூலன்ட், கசிவு எல்லாம் பார்க்கிறாராம். இந்த அக்கறையில் பாதியைப் போன வண்டியின் மஞ்சள் விளக்கு மேல் காட்டியிருந்தால் அதுவும் நின்றிருக்காது என்று அத்தையிடம் சொன்னேன். "உன் மாமாகிட்ட சொல்லிடாதே, அடுத்த வண்டியையும் உன்னையே தேடச் சொல்லுவார்" என்று சிரித்தார் அத்தை.